முன் எல்லையைத் தொடாதீர்கள்

புணேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய போசரி எம்ஐடிசி தொழிற்பேட்டையில் சின்னச் சின்னப் பட்டறைகள் வரிசையாக இருக்கும். பல பட்டறைகளில் ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் அனுப்ப, வரைபடம் திறந்து பார்க்க, ஜிஎஸ்டி பில் போட என்று அதற்கு எப்போதும் வேலை உண்டு. வாங்கும்போது விண்டோஸோடு வந்திருக்கும். பிறகு யாராவது பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றியிருப்பார்கள். அன்றைக்குத் தோன்றிய கணக்கில் ஹார்ட் டிஸ்கைத் துண்டு போட்டிருப்பார்கள். நாலைந்து வருஷத்தில் லினக்ஸ் இருக்கும் பார்ட்டிஷன் நிரம்பிவிடும். அதற்கு அடுத்தது காலியாகக் கிடக்கும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாமே என்ற யோசனை அப்போதுதான் வரும்.

யோசனை நியாயமானதுதான். ஆனால் சேர்ப்பது என்று ஒரு வேலையே இங்கே கிடையாது. லினக்ஸில் பலரும் பயன்படுத்தும் ஜிபார்ட்டெட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். புதிதாக உருவாக்கு, அழி, அளவு மாற்று, நகர்த்து எல்லாம் இருக்கும். 'சேர்' என்று ஒன்று இருக்காது. சேர்ப்பது என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு காரியம்: ஒரு பார்ட்டிஷனை அழிப்பது, விட்டுப்போன இடத்துக்குள் பக்கத்துப் பார்ட்டிஷனை வளர்ப்பது. அழிப்பதில் இருந்ததெல்லாம் போய்விடும். வளர்ப்பது எந்தப் பக்கமாக வளர்கிறது என்பதில்தான் பாதுகாப்பும் ஆபத்தும் பிரிகின்றன. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

வட்டில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது பார்ட்டிஷன் அட்டவணை. பழைய எம்பிஆர் முறையில் அது வட்டின் முதல் செக்டாரிலேயே இருக்கிறது. அந்த செக்டார் மொத்தம் 512 பைட். முதல் 446 பைட்டில் கம்ப்யூட்டரைத் துவக்கும் சிறு நிரல். கடைசி 2 பைட்டில் ஓர் அடையாளக் குறி. நடுவே உள்ள 64 பைட்தான் அட்டவணை. பதிவு ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். ஒவ்வொன்றிலும் இந்தப் பார்ட்டிஷன் எந்த செக்டாரில் தொடங்குகிறது, எத்தனை செக்டார் நீளம், என்ன வகை என்ற விவரம் இருக்கும், அதற்கு மேல் அதிகம் ஒன்றும் இல்லை. 500 ஜிபி வட்டின் எல்லைக் கணக்கு முழுவதும் இந்த 64 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. 1983-இல் ஐபிஎம் கம்ப்யூட்டர்களின் டாஸ் 2.0 காலத்தில் வந்த ஏற்பாடு இது. செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான் ஒதுக்கியதால், 2 டெராபைட்டுக்கு மேல் இதனால் எண்ண முடியாது. இப்போதைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஜிபிடி முறையில் 128 பதிவுகளுக்கு இடம் உண்டு. அட்டவணையின் இன்னொரு பிரதி வட்டின் கடைசியிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது அடுக்கு, பார்ட்டிஷனுக்கு உள்ளே இருக்கும் கோப்பு முறைமை. லினக்ஸில் பெரும்பாலும் அது எக்ஸ்ட்4. எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடம் காலி என்ற கணக்கையெல்லாம் அதுதான் வைத்திருக்கிறது. தன் மொத்த அளவையும் தனக்குள்ளேயே தனியாக எழுதி வைத்திருக்கிறது. அட்டவணைக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிலத்துக்குப் பட்டாவும் அதில் கட்டிய வீடும் போலத்தான். பட்டாவில், மராட்டியத்தில் சாத்பாராவில், எல்லையை மாற்றி எழுதிவிட்டால் வீட்டுச் சுவர் தானாக நகர்ந்து கொடுக்காது; வீட்டை இடித்துக் கட்டினாலும் பட்டா தானாக மாறாது. இரண்டையும் நாம்தான், சரியான வரிசையில், ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்ற வேண்டும்.

வரிசை இதுதான். பெரிதாக்கும்போது முதலில் பார்ட்டிஷனை நீட்ட வேண்டும், பிறகு உள்ளே கோப்பு முறைமையை வளர்க்க வேண்டும். சிறிதாக்கும்போது முதலில் கோப்பு முறைமையைச் சுருக்க வேண்டும், பிறகுதான் பார்ட்டிஷனின் எல்லையை உள்ளே இழுக்க வேண்டும். பெரிதாக்குவதில் வரிசை தவறினால் வேலை நடக்காது, அவ்வளவே. சிறிதாக்குவதில் தவறினால் கோப்பு முறைமையின் வால், எல்லைக்கு வெளியே போய்விடும். அடுத்து யாராவது அந்த இடத்தில் புதுப் பார்ட்டிஷன் போட்டு எழுத ஆரம்பித்தால் அந்த வாலில் இருந்த கோப்புகள் அழிந்துபோகும்.

வால் வெளியே போய், அதன் மேல் இன்னும் எதுவும் எழுதப்படாத நிலையில் லினக்ஸ் கொடுக்கும் எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்4-ஐச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே நிரல், சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் தலைப்பகுதி) சொல்லும் அளவு ஒன்று, சாதனத்தின் அளவு வேறொன்று என்று இரண்டு எண்களையும் காட்டும். சூப்பர்பிளாக்கோ பார்ட்டிஷன் அட்டவணையோ கெட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, நிறுத்திவிடவா என்று கேட்கும். நிறுத்து என்பதுதான் சரியான பதில். அந்த நேரத்தில் தரவு ஒன்றும் போயிருக்காது. அட்டவணையில் பழைய எல்லையைத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி இருக்கும். நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்துக் கேட்கும் கேள்விக்கெல்லாம் 'ஆமாம்', 'ஆமாம்' என்று தட்டிக்கொண்டே போனால்தான் இருந்ததும் போகும்.

சிறிதாக்குவதில் இன்னொரு பொறி, கிகாபைட் என்ற அளவிலேயே இருக்கிறது. எக்ஸ்ட்4-ஐச் சுருக்கும் ரீசைஸ்2எஃப்எஸ் நிரலில் 60ஜி என்று கொடுத்தால் அது 1024 அடிப்படையில் கணக்குப் போடும். பார்ட்டிஷனை மாற்றும் பார்ட்டெட் நிரலில் 60ஜிபி என்று கொடுத்தால் அது 1000 அடிப்படையில் போடும். முதல் கணக்கில் வருவது சுமார் 64.4 நூறு கோடி பைட். இரண்டாவதில் 60 நூறு கோடி பைட். இரண்டிலும் ஒரே எண்ணைக் கொடுத்த நிம்மதியில் இருப்போம். கோப்பு முறைமையின் கடைசி நான்கு ஜிபிக்கு மேல் வெளியே கிடக்கும். போதாததற்கு, பார்ட்டெட் கேட்பது பார்ட்டிஷனின் நீளத்தை அல்ல. அது வட்டில் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்பதை. அதனால் கையால் செய்பவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பார்ட்டிஷன் 60 ஆக வேண்டுமென்றால் கோப்பு முறைமையை முதலில் 55-க்குச் சுருக்குவார்கள், பார்ட்டிஷனை 60-க்குக் கொண்டுவருவார்கள், கடைசியில் அளவு எதுவும் சொல்லாமல் ரீசைஸ்2எஃப்எஸ்-ஐ இன்னொரு முறை ஓட்டுவார்கள். அது கிடைத்த இடத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும். ஜிபார்ட்டெட் இந்தக் கணக்கையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. முதன்முறை செய்பவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 500 ஜிபி வட்டு ஒன்று. இடமிருந்து வலமாக, விண்டோஸ் 100 ஜிபி, லினக்ஸ் இயங்குதளம் இருக்கும் ரூட் 30 ஜிபி, தேவையில்லாத பழைய டேட்டா பார்ட்டிஷன் 70 ஜிபி, கடைசியில் பயனரின் கோப்புகள் உள்ள ஹோம் 250 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். அந்த 70-ஐ அழித்துவிட்டோம். இப்போது அந்த இடத்தை இடப்பக்கத்து ரூட்டுக்கும் கொடுக்கலாம், வலப்பக்கத்து ஹோமுக்கும் கொடுக்கலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எல்லைக் கோட்டை இடப்பக்கம் இழுக்கிறோமா வலப்பக்கம் இழுக்கிறோமா என்பதுதான் வித்தியாசம்.

ரூட்டுக்குக் கொடுத்தால் அதன் தொடக்க செக்டார் மாறுவதில்லை. முடிவு மட்டும் தள்ளிப்போகிறது. எக்ஸ்ட்4 தன் இடத்தைப் பொதுவாக 128 எம்பி கொண்ட தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கும். வளரும்போது வால் பக்கத்தில் புதுத் தொகுதிகளைச் சேர்த்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள கோப்புகளில் ஒரு பைட்கூட இடம் மாறாது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரூட் பயன்பாட்டில் இருக்கும்போதே இதைச் செய்யலாம். சில விநாடிகளில் முடிந்துவிடும்.

ஹோமுக்குக் கொடுத்தால் கதையே வேறு. ஹோம் இடப்பக்கமாக வளர வேண்டும். அதாவது அதன் தொடக்கம் 70 ஜிபி முன்னால் வர வேண்டும். எக்ஸ்ட்4-இன் சூப்பர்பிளாக், அதன் மொத்த விவரமும் அடங்கிய தலைப்பகுதி, பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து சரியாக 1024-ஆவது பைட்டில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எல்லா முகவரிகளும் அந்தத் தொடக்கத்திலிருந்துதான் எண்ணப்படுகின்றன. எனவே தொடக்கம் நகர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கூடவே நகர வேண்டும். 200 ஜிபி கோப்புகள் இருந்தால் 200 ஜிபியையும் அதே வட்டில் படித்து அதே வட்டில் எழுத வேண்டும். பழைய சுழலும் வட்டில் நிமிடத்துக்கு இரண்டரை ஜிபி நகர்ந்தாலே நல்ல வேகம். ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

நேரம் ஆவது பெரிய விஷயமில்லை. நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. முதல் 70 ஜிபி நகரும்வரை பழைய இடம் கலையாமல் இருக்கும். காலியாக இருந்த பகுதியில்தான் எழுத்து நடக்கிறது. அதைத் தாண்டியதும், ஹோம் முன்பு தொடங்கிய இடத்தின் மேலேயே எழுத ஆரம்பித்துவிடும். பழைய தலை அழிந்துவிட்டது. புதிய உடல் பாதிதான் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரம் போனால், பழைய எல்லையைப் போட்டாலும் திறக்காது, புதிய எல்லையைப் போட்டாலும் பாதி குப்பையாகத்தான் இருக்கும். எந்த பைட் வரை நகர்ந்தது என்று தெரிந்தால் ஒரு வல்லுநர் தொடர்ந்து முடிக்க முடியும். அந்த எண்ணை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

போசரியில் இது வெறும் கற்பனை ஆபத்து அல்ல. புணே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதிகளில் வார விடுமுறை வியாழக்கிழமை. பட்டறை ஓடாத நாள் என்பதால் மின்வாரியம் லைன் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதும் பெரும்பாலும் அதே வியாழக்கிழமைதான். மெஷின் நிற்கும் நாளில்தான் கம்ப்யூட்டர் வேலையையும் எல்லோரும் வைத்துக்கொள்வார்கள். ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டிய நகர்த்தலை, கரண்ட் போக அதிக வாய்ப்புள்ள நாளில் தொடங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மேசைக் கம்ப்யூட்டரோடு வரும் சாதாரண யூபிஎஸ் சில நிமிடங்கள் தாங்கும். கோப்பைச் சேமித்து மூடுவதற்குத்தான் அது போதும்.

ஆகவே என் முடிவு இதுதான். பின் எல்லையை நீட்டலாம். முன் எல்லையைத் தொடாதீர்கள். இடப்பக்கம்தான் இடம் இருக்கிறது என்றால் அந்த 70 ஜிபியைத் தனிப் பார்ட்டிஷனாகவே வைத்து, ஹோமுக்குள் ஒரு ஃபோல்டராக மவுண்ட் செய்துகொள்ளுங்கள். வீடியோவோ வரைபடங்களோ அதில் போகட்டும். லினக்ஸில் எந்தப் பார்ட்டிஷனையும் எந்த ஃபோல்டரிலும் பொருத்திக்கொள்ளலாம், பயன்படுத்துபவருக்கு வித்தியாசமே தெரியாது. அப்படி வேண்டாம், ஒரே பெரிய பார்ட்டிஷனாகத்தான் வேண்டும் என்றால், ஹோமை முழுசாக ஒரு வெளி வட்டுக்கு நகலெடுத்து, இரண்டையும் அழித்து, புதிதாக ஒன்று உருவாக்கி, திரும்ப நகலெடுங்கள். நேரம் இரட்டிப்பாகும். ஆனால் எந்த நிமிடத்தில் கரண்ட் போனாலும் எங்காவது ஓர் இடத்தில் முழுப் பிரதி இருக்கும்.

தொடக்கம் தெரியாமலே நகர்ந்துவிடுவதும் உண்டு. பழைய பட்டறைக் கம்ப்யூட்டர்களில் இது அதிகம் நடக்கக்கூடியது. எஃப்டிஸ்க் நிரலில் பார்ட்டிஷனை நீட்டுவதற்குப் பலர் செய்வது, அட்டவணையிலிருந்து அந்தப் பதிவை அழித்துவிட்டு, அதே இடத்தில் பெரிதாக மறுபடி உருவாக்குவது. கேட்பவருக்குப் பயமாக இருக்கும், ஆனால் முறை சரியானதுதான். அட்டவணைப் பதிவு அழிவதால் உள்ளே இருக்கும் கோப்பு அழியாது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பிரித்த வட்டில் முதல் பார்ட்டிஷன் 63-ஆவது செக்டாரில் தொடங்கும். இன்றைய எஃப்டிஸ்க் தானாகப் பரிந்துரைப்பது 2048. புதிய வட்டுகளின் 4096 பைட் செக்டார்களோடு 63 பொருந்தாது என்பதால் இந்த மாற்றம் வந்தது. பரிந்துரையை அப்படியே ஏற்று எண்டர் தட்டினால், சூப்பர்பிளாக்கைத் தேடும் இடத்தில் அது இருக்காது; கோப்பு முறைமையே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். பதற வேண்டாம். மறுபடி அழித்து, 63-இலேயே தொடங்கும்படி உருவாக்கினால் திரும்ப வந்துவிடும். உருவாக்கும்போது, இங்கே ஏற்கெனவே ஒரு கோப்பு முறைமையின் அடையாளம் இருக்கிறது, நீக்கிவிடவா என்று எஃப்டிஸ்க் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோப்பு முறைமைக்குக் கோப்பு முறைமை குணமும் மாறும். எக்ஸ்ட்4 ஓடும்போதே வளரும், ஆனால் சுருங்க வேண்டுமென்றால் அதை மவுண்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ரூட்டைச் சுருக்க ஜிபார்ட்டெட் லைவ் போன்ற பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்க வேண்டும் என்பது இதனால்தான். பெரிய சர்வர்களில் இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் வளர மட்டும்தான் தெரிந்தது. அதைச் சுருக்கலாம் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் ஓடும்போதே செய்யும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்-ஐ விண்டோஸுக்குள் இருந்தே சுருக்குவது நல்லது. விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் அது முழுசாக மூடுவதில்லை. அடுத்த முறை வேகமாகத் திறப்பதற்காகப் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து அதன் பார்ட்டிஷனைத் தொடக்கூடாது. அந்த வசதியை நிறுத்திவிட்டு, முழுசாக மூடிய பிறகு தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு இயங்குதளம் என்ற அனுபவம் வந்தது அரசின் விலையில்லா மடிக்கணினியால். 2011 செப்டம்பர் 15-இல் அந்தத் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. பாஸ் வேண்டாம், அந்த இடத்தையும் விண்டோஸுக்கே சேர்த்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. இப்படிப்பட்ட இரட்டை ஏற்பாட்டில், விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் அப்போது ஒன்றும் நடக்காது. அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். விண்டோஸும் திறக்காது.

காரணம் எளிது. கம்ப்யூட்டரைத் துவக்கும்போது எதைத் திறக்கட்டும் என்று கேட்பது க்ரப். எம்பிஆர் வட்டில் அதன் ஒரு துண்டு அந்த 446 பைட்டுக்குள் இருக்கிறது. அடுத்த துண்டு முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் விட்ட இடைவெளியில் இருக்கிறது. மெனுவும் மீதிப் பகுதிகளும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கின்றன. லினக்ஸை அழித்ததும் முதல் இரண்டு துண்டுகள் மட்டும் தலையில்லாமல் மிஞ்சுகின்றன. விண்டோஸ் கெட்டுப்போகவில்லை, அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. விண்டோஸ் நிறுவும் டிஸ்கிலிருந்து துவக்கி அதன் எம்பிஆரைத் திரும்ப எழுதினால் தீர்ந்துவிடும். லினக்ஸை அழிப்பதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. லேப்டாப் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளுக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இதே ரகத்தில் சின்னது ஒன்று: ஸ்வாப் பார்ட்டிஷன். இடம் கிடைக்கட்டும் என்று அதை அழித்து வேறிடத்தில் உருவாக்கினால் அதன் யூயூஐடி அடையாள எண் மாறிவிடும். துவக்கும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனைப் பொருத்த வேண்டும் என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணே இருக்கும். அடுத்த துவக்கத்தில் லினக்ஸ் அந்தப் பழைய பார்ட்டிஷனுக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் மேலே போகும். எஃப்எஸ்டேப்பில் புது எண்ணைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

இந்த எல்லைப் பிரச்சினைகளையெல்லாம் தொடக்கத்திலேயே தவிர்க்க எல்விஎம் என்றொரு வழி இருக்கிறது. 1998-இல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் லினக்ஸுக்காக எழுதியது. வட்டின் இடத்தையெல்லாம் ஒரே குளமாக்கி, வழக்கமாக 4 எம்பி அளவுள்ள துணுக்குகளாகப் பிரித்து, யாருக்கு எத்தனை துணுக்கு என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. துணுக்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹோமுக்கு இடம் வேண்டுமென்றால் வட்டின் எந்த மூலையில் காலியாக இருந்தாலும் எடுத்துக் கொடுக்கலாம். இடப்பக்கம், வலப்பக்கம் என்ற கேள்வியே எழாது. தரவை நகர்த்த நேர்ந்தாலும், எதுவரை நகர்ந்தது என்று குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாதாரண பார்ட்டிஷன் நகர்த்தலில் இல்லாதது இதுதான். புதிதாக லினக்ஸ் நிறுவும் பட்டறைக்காரர்கள், இரண்டு வட்டுகளோ இரண்டு இயங்குதளங்களோ இருந்தால்கூட, லினக்ஸ் பக்கத்தை எல்விஎம்மில் போட்டுக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். நிறுவும்போதே செய்துகொள்ளக்கூடிய வேலைதான்.

ஏற்கெனவே துண்டு போட்ட வட்டில் கைவைக்கப் போகிறவர்கள் முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுங்கள். நகலெடுத்ததில் இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள், திறக்காத நகல் நகலே இல்லை. வட்டு தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் கெட்ட செக்டார்கள் தெரிந்தால் அளவு மாற்றும் எண்ணத்தையே விட்டுவிட்டு வட்டை மாற்றுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

அதோடு ஒரே ஒரு சின்ன வேலை. எஸ்எஃப்டிஸ்க் நிரல், பார்ட்டிஷன் அட்டவணை முழுவதையும் சில வரி எழுத்துக் கோப்பாக எழுதிக் கொடுக்கும். எந்தப் பார்ட்டிஷன் எந்த செக்டாரில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதே கோப்பை எஸ்எஃப்டிஸ்க்குக்குத் திரும்பக் கொடுத்தால் பழைய எல்லைகள் அப்படியே வந்துவிடும். அது இல்லாமல் போனால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் போன்ற நிரல்கள் வட்டு முழுவதையும் தேடி, தொலைந்த தொடக்கங்களைக் கண்டுபிடிக்கும். பெரிய வட்டில் மணிக்கணக்கில் ஓடும். எப்போதும் கிடைத்துவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை. எஸ்எஃப்டிஸ்க் கோப்பு இரண்டு கேபியைக்கூடத் தாண்டாது. அதை நீங்கள் மாற்றப்போகும் வட்டிலேயே வைக்காதீர்கள்; பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், திரையைப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.